காபிக்கு அவர்கள் வைத்த பெயர் 'புனோ'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காபியின் பூர்வீகம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சேர்வராயன் மலையில் காபிச் செடிகளுக்கு நடுவே வளர்ந்தவள் நான். அரபிகா என்ற காபி வகையின் தாய்வீடு தென்மேற்கு எத்தியோப்பியாவின் மழைக்காடுகள் என்று விரிவாக எழுதியிருந்ததில் உள்ளபடியே மகிழ்ச்சி. ஆனால் கட்டுரையில் காபியை முதலில் கண்டதாகக் கதைகள் சொல்லும் ஆட்டிடையன் கல்தி வருகிறான், ஏமன் வணிகர்கள் வருகிறார்கள், காபியை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பாபா புதான் வருகிறார். அந்தக் காடுகள் இருக்கும் காஃபா மண்ணில் இன்றும் வாழ்கிற மக்களைத்தான் காணவில்லை. அவர்களுடைய மொழியின் பெயர்கூட ஓரிடத்திலும் இல்லை.

அந்த மொழிக்குக் காஃபி நோனோ என்று பெயர். 'நோனோ' என்றால் வாய். மொழியைக் குறிக்கவும் அதே சொல்தான். போங்கா நகரையும் அதைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களையும் சேர்த்து 8 லட்சம் பேருக்கு மேல் பேசுகிறார்கள் என்றது 2007 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இது ஓமோட்டிக் என்ற எத்தியோப்பிய மொழிக்குழுவைச் சேர்ந்தது. அரபியைப் போலச் செமிட்டிக் வகையைச் சேர்ந்த, எத்தியோப்பிய அரசு மொழியான அம்ஹாரிக்குக்கு வெகு தூரத்து உறவு. குரலை ஏற்றிச் சொல்வதும் இறக்கிச் சொல்வதும் பொருளையே மாற்றிவிடும். குறில் நெடில் வேறுபாடும், வாக்கியக் கடைசியில் வினை வந்து நிற்பதும் நமக்குப் பழகியவைதாம்.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். காஃபா என்ற ஊர்ப்பெயரே 'காபி' ஆனது என்று கட்டுரை உறுதியாகச் சொல்கிறது. அது நிரூபணமான செய்தி அல்ல. காபி என்ற சொல் அரபியின் 'கஹ்வா', துருக்கியின் 'கஹ்வே' வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. அதற்குமுன் காஃபாவுக்கும் அந்தச் சொல்லுக்கும் தொடர்பு உண்டா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. காஃபா மக்கள் தங்கள் காட்டுச் செடியைப் 'புனோ' என்றே அழைக்கிறார்கள். கல்தி கதையும் 1671-ல் ரோமில் அச்சான ஒரு நூல் வழியாகப் பரவியதுதான். அந்த நூலில் கல்தி என்ற பெயர்கூடக் கிடையாது. கதைக்குக் கொடுத்த இடத்தில் பாதியைப் 'புனோ'வுக்குக் கொடுத்திருக்கலாம்.

காஃபா பல நூற்றாண்டுகள் தனி அரசாக இருந்தது. 1897-ல் எத்தியோப்பியப் பேரரசர் மெனலிக்கின் படைகள் அதைப் பிடித்து, கடைசி அரசர் காகி ஷெரோச்சோவைச் சிறைகொண்டன. அதன்பின் நீதிமன்றத்திலும் பள்ளியிலும் அம்ஹாரிக்தான். 1979-ல் தொடங்கிய எழுத்தறிவு இயக்கத்தில்தான் இந்த மொழிக்கு முதலில் இடம் கிடைத்தது, அதுவும் எத்தியோப்பிய எழுத்தில். 1991-ல் ஆட்சி மாறியபின் லத்தீன் எழுத்துக்கு மாறி, தொடக்கப்பள்ளிக்குள் நுழைந்தது. 1995 அரசியலமைப்பு எல்லா மொழிகளுக்கும் சம அங்கீகாரம் தருகிறது. ஆனால் மத்திய அரசின் அலுவல்மொழி அம்ஹாரிக் என்றும் அதுவே சொல்கிறது. 2021-ல் உருவான தென்மேற்கு மாநிலத்துக்குப் போங்காவே நிர்வாகத் தலைநகரமானது. ஆனால் அந்த மாநிலத்தின் அலுவல்மொழியும் அம்ஹாரிக்கே.

இந்த மொழி நாளையே மறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதன் உறவு மொழியான அன்ஃபில்லோவில் வீட்டுப் பேச்சு அண்டை மொழியான ஓரோமோவுக்கு மாறி, பழைய மொழி முதியவர்கள் சிலரோடு நின்றுவிட்டது. தாய்மொழியில் பேசப் பிள்ளைகளுக்கு வீட்டைத் தாண்டியும் இடம் வேண்டும். இன்னொன்றையும் விடக்கூடாது. அதே காட்டில், அதே மொழியைப் பேசும் மஞ்சா மக்கள் உண்டு. வேட்டையாடிப் பிழைத்தவர்கள் என்பதற்காக மற்றவர்கள் அவர்களோடு சேர்ந்து உண்ண மறுத்த வழக்கம் நெடுங்காலம் இருந்தது. காஃபாவைப் பற்றி எழுதும்போது அவர்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த மாதம் வருமென்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் காபிக்குக் காஃபி நோனோவில் என்ன பெயர் என்பதையாவது சேருங்கள். பெயர்க்காரணம் பற்றிய வரியையும் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஏற்காடு