சிட்டிகை உப்பும் செய்தி மொழிபெயர்ப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டுச் செய்தி ஒன்றின் தமிழாக்கத்தில், ‘அமைச்சரின் கூற்றை ஒரு சிட்டிகை உப்புடன் எடுத்துக்கொள்ள வேண்டும்’ என்ற வரியை அண்மையில் படித்தேன். வாய்விட்டுப் படித்ததைக் கேட்ட என் மனைவி, ‘ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் என்ன செய்வதாம்?’ என்றார். பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைக் குறித்துச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

‘பிஞ்ச் ஆஃப் சால்ட்’ என்று ஆங்கிலேயர் சொல்வது, ஒன்றை முழுதும் நம்பிவிடாமல் சற்று ஐயத்தோடு கேட்டுக்கொள்வதைத்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி எழுதிய ‘இயற்கை வரலாறு’ நூலில் இதற்கு வேர் காட்டுவது வழக்கம். மித்ரிடேட்டஸ் மன்னரின் நச்சுமுறி மருந்தைச் சொல்லுமிடத்தில், உலர்ந்த அக்ரூட் இரண்டு, அத்திப்பழம் இரண்டு, அருவதா இலை இருபது ஆகியவற்றை ஒரு கல் உப்புச் சேர்த்து அரைக்க வேண்டும் என்கிறார் அவர். அங்கே உப்பு வெறும் உப்புதான். ஐயப் பொருள் பின்னாளில் வந்து ஏறிக்கொண்டது.

வாங்கும் கூலிக்குத் தகுந்தவரை ‘வொர்த் ஹிஸ் சால்ட்’ என்பார்கள். ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்தார்கள் என்று இதற்கு விளக்கமும் தருவார்கள். வகுப்பில் நானும் தந்திருக்கிறேன். ‘சாலரி’க்கு மூலமான ‘சலாரியம்’ என்ற லத்தீன் சொல் உப்பைக் குறிக்கும் ‘சால்’ என்பதோடு தொடர்புடையது என்பது சரியே. ஆனால், கூலியை உப்பாகவே கொடுத்தார்கள் என்பதற்குப் பழஞ்சான்று கிடையாது. (சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்தே ‘சம்பளம்’ ஆயிற்று என்று நம்மவர்கள் சொல்வதையும் நான் சற்றுத் தள்ளி நின்றே கேட்பேன்.)

வேற்றுமொழித் தொடர் எதுவுமே தமிழுக்கு ஆகாது என்பதன்று என் வாதம். மத்தேயு சுவிசேஷத்தின் ‘நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்’ என்ற வாசகம், கிறிஸ்தவ இல்லங்களில் தலைமுறைகளாகப் புழங்கித் தமிழாகவே ஆகிவிட்டது. ஆனால், ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பதிலும், ‘நீ உப்புப் போட்டுத்தானே சாப்பிடுகிறாய்?’ என்ற ஏச்சிலும் நம் உப்பு குறிப்பது நன்றியையும் ரோஷத்தையும். அதில் ஐயத்தின் சாயலே இல்லை. ஆகவே, ஆங்கிலம் அறியாத வாசகருக்கு அந்தச் சிட்டிகை எதையும் உணர்த்தாது. ‘காயத்தில் உப்பைத் தேய்ப்பது’ என்றால் எரிச்சலாவது புரியும். அதற்கும் ‘வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது’ என்று நம்மிடமே ஒன்று இருக்கிறது.

‘அமைச்சரின் கூற்றை அப்படியே நம்புவதற்கில்லை’ என்று எழுதியிருந்தால் பொருளும் விளங்கியிருக்கும். மூன்று சொற்களுக்கான இடமும் மிஞ்சியிருக்கும். மொழிபெயர்ப்புப் பிரிவினரிடம் இதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
தஞ்சாவூர்.