அன்றைக்கு ஏற்றியது எட்டு பார் ஐஸ்

அன்பு மகளே,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். "கடவுள்கிட்ட நேரா மன்னிப்புக் கேட்டா போதாதாப்பா, எதுக்குக் கோவில் சாமியார்கிட்ட போய்ப் பாவத்தைச் சொல்லணும்?" என்றாய். நீ கேட்டதில் தப்பே இல்லை. உன்னை அப்படிக் கேட்க வைத்தவன் நான்தான் என்று தோன்றியதும் வாய் அடைத்துப்போனது.

நீ கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கி, புதுநன்மை எடுத்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? நானும் உன் மாமாவும் பாதிப்பாதி பணம் போட்டு வள்ளம் வைத்திருந்தோம். கணக்கு என் கையில். மீன் விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மீதியைப் பங்கு வைப்போம். நான் டீசலிலும் ஐஸிலும் கூட்டி எழுதினேன். வாரத்துக்கு இருநூறு, முந்நூறு. மாமா பார்க்க ஒரு நோட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் இன்னொன்று.

ஒருநாள் சாயந்தரம் மாமா திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டே உன்னிடம் கேட்டார், "நேத்து நீயும் அப்பாகூட நின்னியே, எத்தனை பார் ஐஸ் ஏத்துனாங்க?" நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் கண்ணைக் காட்டினேன். "பன்னிரண்டு மாமா." உன் விரல் பாவாடை ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தது.

அதைவிடப் பெரிய பாவத்தை அடுத்த சனிக்கிழமை செய்தேன். புதுநன்மைக்கு முந்தின நாள், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம், உனக்கு அதுதான் முதல் தடவை. கோவில் வாசலில் உன் முக்காட்டைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, "ஐஸ் விஷயத்தைச் சாமியார்கிட்ட சொல்லிடாதே" என்றேன். பாவசங்கீர்த்தனம் கேட்கச் சாமியார் உட்காரும் தொட்டியிலிருந்து எழுந்து வந்தவள் அழுதாய். பிள்ளை பயந்துட்டா என்றாள் உன் அம்மா. நான் பேசாமல் நின்றேன்.

அப்புறம் நானும் வருஷம் தவறாமல் தவக்காலத்தில் போய் முழங்காலிட்டேன். பொய் சொன்னேன், கோபப்பட்டேன் என்று இரண்டு நிமிஷத்தில் முடித்து, சாமியார் கொடுத்த அபராதத்துக்கு மாதாவிடம் வேண்டும் அருள்நிறைந்த மந்திரத்தை மூன்று தரம் சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரி கடவுளிடம் நேராகவும் அழுதிருக்கிறேன். ஆனால் அவரிடம் நான் தொகையைச் சொன்னதே இல்லை. அவருக்குத் தெரியுமே என்று விட்டுவிடுவேன். ஒரு மனுஷன் காது கொடுத்துக் கேட்கும்போதுதான் யாரிடம், எவ்வளவு, எத்தனை நாள் என்று வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. நம் முத்துக்குளித்துறை ஜனங்களுக்கு உழைத்த அன்றீக்கு அடிகளார் 1580-லேயே பாவசங்கீர்த்தனத்துக்கென்று ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சடித்தார். தமிழில் அச்சேறிய முதல் சில புத்தகங்களில் அது ஒன்று. பாவத்தைச் சொல்லவும் படிக்க வேண்டியிருக்கிறது, மகளே. எனக்கு இத்தனை வருஷம் ஆனது.

இந்தத் தவக்காலத்தில் முழுவதையும் சொன்னேன். "பணத்தைத் திருப்பிக் கொடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார் சாமியார். இல்லை என்றேன். "மந்திரம் சொல்லி இது தீராது. முதல்ல கொண்டுபோய்க் கொடுங்க."

பழைய நோட்டை வைத்துக் கூட்டினால் 38,000 ரூபாய் வந்தது. பைபிளில் வருகிற வரி வசூல்காரன் சக்கேயு, ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். என்னால் 60,000-தான் புரட்ட முடிந்தது. மாமா உட்காரச் சொல்லவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஐஸ் விலை எனக்குத் தெரியாதா, மச்சான்? அக்கா வாழுற வீடுன்னு சும்மா இருந்தேன்" என்றார். பணத்தை இரண்டு தரம் எண்ணி உள்ளே கொண்டுபோனார். இன்னும் நம் வீட்டுக்கு வரவில்லை. வருவார் என்று எதிர்பார்க்கும் உரிமை எனக்கு இல்லை. வந்தால் சந்தோஷம்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. ஒன்பது வயதுப் பிள்ளையைப் பொய் சொல்ல வைத்தேன். அதை இறக்கிவைக்கப் போன இடத்திலும் உன் வாயை அடைத்தேன். நீ கோவிலுக்குப் போயும் தொட்டிப் பக்கம் போகாததற்கு நான்தான் காரணமோ என்று பல வருஷமாக உறுத்துகிறது. என்னை மன்னித்துவிடு. உடனே பதில் போட வேண்டாம். கோபம் இருந்தால் அதையே எழுது, படிக்கிறேன். நீ போக வேண்டும் என்று சொல்லவும் இதை எழுதவில்லை.

அன்றைக்கு ஏற்றியது எட்டு பார். மாமாவிடம் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு என்றது நீ இல்லை, நான்தான் என்றும் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா