பூனையின் கண் விரிந்திருந்தால் குஷி மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பின் செல்லப்பிராணிகள் பகுதியில், பூனையின் கண் பாப்பா அகலமாக விரிந்திருந்தால் அது குஷியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிட்டார்கள். கண் மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

விளையாட்டு, பயம், கோபம், வலி எதுவானாலும் பூனைக்குப் பாப்பா விரியும். மங்கலான வெளிச்சத்திலும் விரியும். பந்தைக் குறிவைத்துப் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு பதுங்கும்போது கண் முழுக்கக் கறுப்பாகவே தெரியும். பாய்ந்து முடித்த கொஞ்ச நேரத்தில் சுருங்கிவிடும். ஆக, எவ்வளவு பெரிது என்பதைவிட, வெளிச்சம் பட்டால் சுருங்குகிறதா என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். வெயில் விழும் ஜன்னலோரம் நிம்மதியாகப் படுத்திருக்கும் பூனையின் பாப்பா மெல்லிய செங்குத்துக் கோடாக இருக்க வேண்டும். அங்கேயும் வட்டமாகவே நின்றால் சந்தேகப்படுங்கள்.

எங்கள் வீட்டுக் கிழவிப் பூனைக்கு அப்படித்தான் ஆனது. "கண்ணு எவ்வளவு அழகா இருக்கு பாருங்க அத்தை" என்று மருமகள்தான் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். நட்டநடுப் பகலில் எடுத்த படம். இரண்டு கண்ணிலும் கறுப்பு வட்டம் மட்டும்தான், ஓரத்தில் துளி மஞ்சள். டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து காட்டினேன். பாப்பா அசையவே இல்லை. ஒரு பஞ்சு உருண்டையை முகத்துக்கு முன்னால் விழவிட்டேன். பஞ்சுக்குச் சத்தமும் கிடையாது, வாசனையும் கிடையாது. பார்வை இருந்தால் தலை அதன் பின்னால் போகும். போகவில்லை. ஆனால் வீட்டுக்குள் வழக்கம்போல நடமாடிக்கொண்டுதான் இருந்தது! மீசையும் ஞாபகமும் பூனைக்கு அவ்வளவு உதவி. நாற்காலியை இடம் மாற்றிப் போட்டபோதுதான் முட்டிக்கொண்டது.

அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். முன்னங்காலில் சின்னப் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார்கள். பூனைக்குப் பிரஷரா என்று சிரிக்க வேண்டாம். மேல் அளவு 160க்கு மேல் நின்றால் அதிகம், 180ஐத் தாண்டினால் கண்ணுக்கும் மூளைக்கும் ஆபத்து. வயதான பூனைகளில் சிறுநீரகக் கோளாறும் தைராய்டு மிகைப்பும் இதற்குப் பெரும்பாலும் துணை நிற்கும். அழுத்தம் ஏறி விழித்திரை பிரிந்துவிட்டால் பார்வை திடீரென்று போய்விடும், பாப்பா விரிந்தபடியே நின்றுவிடும். சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால் ஓரளவு மீளலாம். நாள் தள்ளத் தள்ள வாய்ப்பு குறையும். எங்கள் கிழவிக்கு ஒரு கண்ணில் மட்டும் நிழலாட்டம் தெரியும் அளவுக்குத் திரும்பியது. கொடுத்த மருந்து அம்லோடிபின், நம்மில் பலர் சாப்பிடும் அதே மாத்திரைதான். அதற்காக உங்கள் டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுவிடாதீர்கள், அளவு வேறு.

ஒரு பாப்பா பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. தலையில் அடி, கண் உள்ளே வீக்கம், கண் நீர் அழுத்தம், நரம்புக் கோளாறு என்று எதுவாகவும் இருக்கலாம். கண் புகைமூட்டமாக, சிவந்து, புடைத்து இருந்தால் அது வலிக்கிற கண். நாய்க்கான உண்ணி மருந்து பூனை மேல் பட்டு, பாப்பா விரிந்து உடம்பு நடுங்கினால் அந்த நிமிடமே கிளம்புங்கள். பெர்மெத்ரின் கலந்த மருந்துகள் பூனைக்கு விஷம். கடுவன் பூனை கண்ணை அகல விரித்துக்கொண்டு மண் தொட்டியில் முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால், இரவானாலும் சரி, விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

டார்ச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. பயந்துபோன பூனைக்குப் பாப்பா மெதுவாகத்தான், அரைகுறையாகத்தான் சுருங்கும். மடியில் வைத்துத் தடவிக்கொடுத்து, அமைதியான பிறகு பாருங்கள். சுருங்கிவிட்டது என்பதற்காகப் பார்வை நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. கோளாறு மூளையில் இருந்தால் பாப்பா ஒழுங்காகவே சுருங்கும். பஞ்சைப் போட்டுப் பார்க்கச் சொல்வது அதனால்தான். அப்புறம், அலமாரியில் மிஞ்சிக் கிடக்கும் கண் சொட்டு மருந்தை விடவே விடாதீர்கள். சில சொட்டுகள் தாமே பாப்பாவை நாள்கணக்கில் விரித்து வைக்கும், மருத்துவர் பார்க்கும்போது எது நோய், எது மருந்து என்று தெரியாமல் போகும். ஸ்டீராய்டு கலந்திருந்தால் புண்ணான கண் இன்னும் மோசமாகும்.

அடுத்த இணைப்பில் ஒரு கால்நடை மருத்துவரிடம் பூனைகளின் ரத்த அழுத்தம் பற்றி எழுதி வாங்கிப் போடுங்கள். அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், உங்கள் வாசகி