பொறுத்துப் போகச் சொல்லாதீர்கள், வெல்லச் சொல்லுங்கள்: யாழ் மறைமாவட்ட அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் மறையாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவில் அன்புக்குரியவர்களே,

தவக்காலம் வருகிறது. அந்த நாற்பது நாளில் ஏதாவது ஒரு கிழமை உங்கள் அன்பியக் கூட்டத்தில், அதாவது அயல் வீட்டார் கூடிச் செபிக்கிற சிறு குழுவில், உரோமையர் 12ஆம் அதிகாரம் வாசிக்கப்படும். நன்மையால் தீமையை வெல்லுங்கள் என்ற 21ஆம் வசனத்தில் வந்து நின்று, “ஆகவே நாங்கள் பொறுத்துப் போவோம்” என்று முடித்துவிட்டுச் செபமாலையைத் தொடங்கிவிடுவோம். வேலிப் பிரச்சினையில் வருடக்கணக்காகக் கதைபேச்சில்லாத இரண்டு வீட்டாரும் அதே விறாந்தையில் இருப்பார்கள். வந்தபடியே எழும்பிப் போவார்கள்.

இந்த மடல் அந்த “ஆகவே”யைப் பற்றியது.

உரோமையருக்கு அந்த மடலை எழுதிய திருத்தூதர் பவுல் அங்கே எடுத்த சொல் போர்க்களத்துச் சொல். பொறுத்துப் போகிறவர் எதையும் வெல்வதில்லை. தீமை இருந்த இடத்தில் இருக்க, அவர் ஒதுங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். பவுல் என்ன செய்யச் சொன்னார் என்பது அதற்கு முந்திய வசனத்தில் இருக்கிறது: பகைவருக்குப் பசித்தால் உணவு கொடு, தாகமென்றால் குடிக்கக் கொடு. நீதிமொழிகள் 25இலிருந்து எடுத்த வரி அது. செம்பில் தண்ணீரோடு படலையைத் திறந்து அடுத்த வளவுக்குப் போ என்கிறார். தலைமேல் நெருப்புத் தழல் குவிப்பது என்று தொடர்வதைப் படித்துவிட்டு, “நாங்கள் நல்லது செய்தால் அவருக்குக் கடவுள் நல்ல பாடம் படிப்பிப்பார்” என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. புனித அகுஸ்தினார் அந்தத் தழலை மனம் திரும்புகிறவரின் நெஞ்சைச் சுடும் வருத்தம் என்றே விளக்கினார். மறைக்கல்வி வகுப்பில் இந்த விளக்கத்தைத் தவறாமல் கொடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் நன்மையை ஒரு வகைப் பழிவாங்கலாகப் படித்துவிடுவார்கள்.

ஏன் நன்மையால் மட்டுமே வெல்ல முடியும்? தீமைக்குத் தனியான பொருளில்லை, இருக்க வேண்டிய நன்மை இல்லாமற் போவதே தீமை என்பது அகுஸ்தினார் வகுத்த விளக்கம். எங்கள் ஊர்க் கிணற்றைக் காட்டிச் சொல்லலாம். கிணறு வற்றினால் வறட்சியை வாளியால் அள்ளி வெளியே கொட்ட முடியாது, கீழிருந்து நீர் ஊறத்தான் வேண்டும். அந்த ஊற்று எங்களுடையதல்ல என்பதுதான் கிறிஸ்தவப் போதனையின் நடு. நாங்கள் பாவிகளாய் இருந்தபோதே கிறிஸ்து எங்களுக்காக இறந்தார் (உரோமையர் 5:8). அவர் முதலில் அன்பு செய்ததால் நாங்கள் அன்பு செய்கிறோம் (1 யோவான் 4:19). இதைச் சொல்லாமல் “அன்பு செய்யுங்கள்” என்று மட்டும் சொன்னால், கேட்டவர் தன் சொந்தப் பொறுமையில் மூன்று நாள் தாக்குப்பிடிப்பார். நாலாம் நாள் முன்னையதைவிடக் கூடின கோபம் வரும்.

மன்னிக்காத பணியாளரின் உவமையை (மத்தேயு 18) வகுப்பில் கணக்காகவே செய்யவையுங்கள். பெருங்கடனை அரசன் தள்ளுபடி செய்த ஒரு பணியாளர், தனக்குச் சிறு கடன்பட்ட உடன்பணியாளரை மன்னிக்க மறுத்த கதை அது. ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஆகவே அரசன் தள்ளுபடி செய்த 10,000 தாலந்து 6 கோடி நாள் கூலி. உடன்பணியாளர் கொடுக்கவேண்டியிருந்தது 100 தெனாரியம். இன்றைய தோட்டக் கூலியைப் போட்டுப் பிள்ளைகளே பெருக்கட்டும். இரண்டாவது தொகையைச் சின்னத் தொகை என்று சொல்லிவிட வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு அது. உங்களுக்கு நடந்த அநியாயம் ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவில்லை. அதைவிடப் பெரிய ஒன்று உங்களுக்கு ஏற்கெனவே தரப்பட்டிருக்கிறது என்கிறார்.

மறு கன்னம் பற்றிய வசனமும் வாயடைக்கவே அதிகம் பயன்படுகிறது. அந்தக் கட்டளையைத் தந்த இயேசு தலைமைக் குருவின் முன் அறை வாங்கியபோது என்ன செய்தார் என்று யோவான் 18:23ஐப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். தவறாகப் பேசியிருந்தால் தவறைக் காட்டும், சரியென்றால் ஏன் அடிக்கிறீர் என்று கேட்டார். திருப்பி அடிக்கவில்லை, கேட்காமலும் விடவில்லை.

எங்கள் மண்ணிலேயே பாடம் உண்டு. 1687இல், கத்தோலிக்க மறையை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலத்தில் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் மறைந்து பணிசெய்த புனித யோசேவாஸ் 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றனென்று சிறையிடப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிப்போய்ப் பராமரித்தவர் அவர்தான். அவருடைய ஜனவரி 16 திருவிழாவில், அவர் செபிக்க மழை பெய்த புதுமையைச் சொல்கிற நேரத்தில் பாதியையாவது இந்த அம்மைக் காலத்துக்குக் கொடுங்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். ஒருவர் தவறு செய்தால் என்ன செய்வது என்று மத்தேயு 18:15–17 ஒரு வரிசையைத் தருகிறது: முதலில் தனியாக அவரிடம், பிறகு ஒருவர் இருவரோடு, கடைசியில் சபை. எங்கள் ஊர்களில் அது தலைகீழாக நடக்கிறது: முதலில் வாட்ஸ்அப், பிறகு சொந்தக்காரர், பிறகு பங்குத்தந்தை, கடைசியில்தான் சம்பந்தப்பட்டவர். அதற்குள் விசயம் மானப் பிரச்சினையாகிவிடும், பின்வாங்க இருவருக்கும் வழி இராது.

போவதற்கு முன் ஒரு கிழமை, அந்த ஆளுக்காகப் பெயர் சொல்லிச் செபிக்கச் சொல்லுங்கள். காயத்தை உணராமல் இருப்பதும் மறப்பதும் எங்கள் கையில் இல்லை, ஆனால் காயத்தை மன்றாட்டாக மாற்ற முடியும் என்கிறது திருச்சபையின் மறைக்கல்வி ஏடு (எண் 2843). பிறகு தனியாகப் போக வேண்டும். யார் போவது? மத்தேயு 18 பாதிக்கப்பட்டவரைப் போகச் சொல்கிறது. மத்தேயு 5:23–24 தவறு செய்தவரைக் காணிக்கையை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறது. ஆகவே “அவர் வரட்டும்” என்று காத்திருக்க இருவருக்குமே இடமில்லை. ஒரு செயலை, அது நடந்த நாளோடு சொல்ல வேண்டும். ஐந்து வரிக்குள் எழுதிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. “நீங்கள் எப்பவும் இப்படித்தான்” என்ற வாக்கியம் வாயில் வந்தால் அன்றைய சந்திப்பு முடிந்தது. பழைய கல்யாண வீட்டுக் கதையையும் இழுக்கக் கூடாது.

அது சரிவராவிட்டால் ஒருவர் அல்லது இருவர் கூடப் போகலாம். அவர்கள் எந்தப் பக்கத்துக்கும் உறவாய் இருக்கக் கூடாது. சிற்றூரில் இது கஷ்டம்தான், அடுத்த பங்கிலிருந்தாவது கூப்பிடுங்கள். அதன் பிறகுதான் சபை. அங்கும் கேட்காதவரை வரிதண்டுபவரைப் போல் கருதச் சொன்னார் இயேசு. அவரோ வரிதண்டுபவர்களோடு இருந்து சாப்பிட்டவர். எனவே அந்தக் கேட்காதவருக்குப் பொறுப்போ உண்டியல் காசோ கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் படலையைப் பூட்டவும் கூடாது.

பெரும்பாலான சமாதானங்கள் உடைவது, ஈடு செய்யாமல் கைகுலுக்க வைப்பதால். 150 அடி நீள வேலியை ஒரு அடி நகர்த்தினால் 150 சதுர அடி, எங்கள் காணி அளவில் ஏறத்தாழ ஒரு குழி நிலம் போய்விடும். நில அளவையாளரைக் கூப்பிட்டு காணி உறுதிப் பத்திரத்தோடு ஒப்பிட்டு, வேலிக் கதியாலைப் பழைய எல்லையில் நட்ட பிறகு கைகொடுக்கட்டும். பாவமன்னிப்புப் பாவத்தை நீக்குகிறது, அது விளைவித்த கேட்டையெல்லாம் சரிசெய்துவிடுவதில்லை என்கிறது அதே ஏடு (எண் 1459). லேவியர் 6 எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரிதண்டுபவர் சக்கேயு நாலு மடங்கு தருவதாகச் சொன்னார். அவதூறு பரப்பியவர், யார் யாரிடம் சொன்னாரோ அவர்களிடமே போய்த் திருத்த வேண்டும். எல்லை, கடன் போன்றவற்றை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோவதும் விசுவாசக் குறைவல்ல.

ஒரு விசயத்தில் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறோம். கணவன் அடிக்கிற வீட்டில் இந்த வரிசையைப் பாவிக்காதீர்கள். இருவரையும் ஒன்றாக இருத்திக் கதைக்க வைக்காதீர்கள். அவர் முன்னால் அவள் உண்மையைச் சொல்ல மாட்டாள், சொன்னால் அன்று இரவே அதற்கு அடி வாங்குவாள். “சிலுவையைச் சுமந்துகொண்டு போ மகள்” என்று திருப்பி அனுப்புவது தீமைக்கு உதவி செய்வது. முதலில் பாதுகாப்பான இடம், பிறகு 1938 என்ற பெண்கள் உதவித் தொலைபேசி இலக்கம், பொலிஸ், தேவையென்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை. பழிவாங்காதே என்று எழுதிய பவுல், அடுத்த அதிகாரத்திலேயே தீமை செய்வோரைத் தண்டிக்கும் அதிகாரத்தைக் கடவுளின் பணியாளர் என்கிறார். ஒருவரை மேலும் பாவம் செய்யவிடாமல் தடுப்பதும் அவர்மேல் வைக்கும் அன்புதான்.

யுத்தத்தில் இழந்தவர்களிடமும் மன்னிப்பைக் கேட்டு வாங்காதீர்கள். நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் 1995 ஜூலை 9இல் விமானக் குண்டுவீச்சில் தம்மவரைப் பறிகொடுத்தவர்களுக்கும், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்கும் நாங்கள் தவணை வைக்க முடியாது. “தந்தையே, இவர்களை மன்னியும்” என்று சொன்னவர் சிலுவையில் தொங்கியவரே. கீழே நின்று பார்த்தவர்கள் அவருக்குப் பதிலாக அதைச் சொல்லவில்லை. அந்தத் தாய்மாரோடு போய் இருங்கள், உண்மை தெரியவேண்டும் என்ற அவர்கள் கோரிக்கையைச் செபத்திலும் சேருங்கள்.

இந்தத் தவக்காலத்தில் ஒவ்வொரு அன்பியமும் ஒரேயொரு பிரச்சினையை எடுத்தால் போதும். கூட்டத்தில் அறிவிக்க வேண்டாம். 21ஆம் வசனம் வாசித்ததும் “ஆகவே” சொல்லாமல் ஐந்து நிமிடம் மௌனமாய் இருங்கள். ஆளுக்கொரு சின்னத் தாள் கொடுத்து, யாரிடம் போகவேண்டுமோ அந்த ஒரு பெயரை எழுதச் சொல்லுங்கள். தாள்களைச் சேகரிக்காதீர்கள், அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். அடுத்த கிழமை “போனீர்களா” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கவும் வேண்டாம்.

இறை அன்பில்,
மறைக்கல்விப் பணியிலும் இணக்கப் பணியிலும் ஈடுபடுவோர் சிலர்
யாழ்ப்பாணம்