ஒரே குடும்பம் என்று எழுதுமுன் மெஸ்ஸுக்குள் போய்ப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் இதழோடு வந்த உயர்கல்விச் சிறப்பிணைப்பைப் படித்தேன். பல்கலைக்கழக விடுதிகளில் எல்லாத் தரப்பு மாணவர்களும் வேற்றுமை பாராமல் ஒரே குடும்பமாக வாழ்கிறார்கள் என்று அதில் ஒரு வரி. அதற்குக் கட்டுரையாளர் காட்டும் ஆதாரம் சேர்க்கைப் பட்டியல்தான்: இத்தனை மாவட்டத்துப் பிள்ளைகள், இத்தனை மாநிலத்துப் பிள்ளைகள், இத்தனை பெண்கள். அந்த வரிக்கு மேல் எனக்குப் படிக்க ஓடவில்லை. ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாகவும், பல ஆண்டுகள் மாணவியர் விடுதியின் துணைக் காப்பாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். கட்டுரையாளர் ஒரே ஒரு வேளை விடுதி மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் இப்படி எழுத அவருக்கு மனம் வந்திருக்காது.

சேர்க்கையில் எனக்குக் குறை ஏதுமில்லை. 69 சதவீத இடஒதுக்கீட்டைக் காப்பாற்ற 1994-ல் தனிச் சட்டமே இயற்றிய மாநிலம் இது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, அரசுப் பள்ளியிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் என ஒவ்வொன்றும் வந்தபோது மனதார மகிழ்ந்தேன். என் வகுப்பில் உட்கார்ந்திருந்த எத்தனையோ பிள்ளைகளின் வீட்டில் அவர்களுக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இல்லை. வாசல்வரை அழைத்து வந்துவிட்டோம். உள்ளே யாரோடு தங்குகிறார்கள், யார் அருகில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று யாராவது விசாரித்தோமா?

விடுதி திறக்கும் வாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தகப்பனார் வந்தார். மிகவும் பணிவான மனிதர். தன் மகளோடு தங்கப்போகும் பெண்ணுக்கு எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். வெளியே போய்க் கைபேசியில் யாரிடமோ பேசிவிட்டுத் திரும்பி வந்து, “பாப்பாவுக்குக் காற்றோட்டமான அறையாக மாற்றிக் கொடுங்கள் அம்மா” என்றார். அந்த அறைக்கு இரண்டு பக்கமும் ஜன்னல். முடியாது என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. அறை மாறியது.

தனியாக விடப்பட்ட அந்தப் பெண் என்னிடம் காரணம் கேட்கவே இல்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகு காலையில் மெஸ் திறந்ததும் தட்டோடு முதல் ஆளாக அவள்தான் நிற்பாள். கூட்டம் வருவதற்குள் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டு போய்விடுவாள். தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு பிள்ளை இட்லியை அள்ளி விழுங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா, ஆசிரியர் அவர்களே? நான் பார்த்திருக்கிறேன். பரீட்சையில் அவள் துறையிலேயே முதலிடம். துறை விழாவின் குழுப் படத்தில் அவள் இல்லை.

பின்னர் நிர்வாகமே தொல்லை வேண்டாம் என்று, மாணவியர் விருப்பப்படி அறைத் தோழியரைத் தேர்ந்துகொள்ளலாம் என அறிவித்தது. ஒரு மாதத்திற்குள் எந்தத் தளத்தில் எந்தப் பிரிவினர் என்று கூட்டிப் பெருக்க வரும் அம்மாவே சொல்லும் நிலை வந்துவிட்டது. மெஸ் மேஜைகளும் அதே கணக்கில் பிரிந்தன. வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகள் ஒரு மூலையில். அவர்களிடம் பேச்சுக் கொடுக்க ஆளில்லை. பட்டியலில் மட்டும் எல்லோரும் சேர்ந்தே இருந்தார்கள்.

பட்டியலுக்குத்தானே மதிப்பெண்! உயர்கல்வி நிறுவனங்களுக்கான தேசியத் தரவரிசையில், எல்லாத் தரப்பினரையும் எட்டி உள்ளடக்குவதற்கு 10 சதவீத மதிப்பு உண்டு என்பது தாங்கள் அறியாததல்ல. வெளிமாநில, வெளிநாட்டு மாணவர் எத்தனை, பெண்கள் எத்தனை, பொருளாதாரத்திலும் சமூகத்திலும் பின்தங்கியோர் எத்தனை என்று அதில் எண்ணுகிறார்கள். எண்ணட்டும். அந்த வெளிமாநிலப் பிள்ளைக்கு வளாகத்தில் ஒரு சிநேகிதியாவது உண்டா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. தங்கள் இணைப்பும் கேட்கவில்லை.

விதிகளுக்கும் பஞ்சமில்லை. ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் சமவாய்ப்புப் பிரிவு அமைக்க வேண்டும், பாகுபாட்டுப் புகார்களைக் கேட்கத் தனி அலுவலர் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதி வகுத்தது. எங்கள் வளாகத்தில் அந்த அலுவலர் யார் என்று மாணவியர் விசாரித்தபோது அலுவலகத்தில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஓர் உயிர் போனால்தான் நமக்கு விழிப்பு வருகிறது. 1996-ல் ஒரு மருத்துவ மாணவர் விடுதியில் கொல்லப்பட்ட பிறகே ராகிங்கைத் தடுக்கத் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பாகுபாட்டை எதிர்த்துப் போராடிய ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா தற்கொலை செய்துகொண்டபோது தங்கள் இதழும் பக்கம் பக்கமாக எழுதியது. பிறகு மறுபடி ‘ஒரே குடும்பம்’!

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். எங்கள் நூலகம் இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும். மாணவியர் விடுதிக் கதவை ஆறரைக்கே சாத்திவிடுவார்கள். பட்டிமன்றம், நாடக ஒத்திகை, திரைப்படச் சங்கம் எல்லாம் ஆறு மணிக்கு மேல்தான். பையன்கள் போவார்கள், பெண்கள் ஜன்னல் வழியே ஒலிபெருக்கிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இந்தக் கதவு நேரத்தை எதிர்த்துத் தலைநகர் டெல்லியில் 2015-லேயே மாணவியர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். எங்கள் மாணவியர் பணிவாக ஒரு மனு கொடுத்தார்கள். கையெழுத்திட்டவர்களின் வீட்டுக்குக் கடிதம் போனது. இதையெல்லாம் தட்டிக் கேட்க மாணவர் பேரவை உண்டா என்றால், தேர்தலே கிடையாது. மாணவர் தேர்தலுக்கான லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006-ல் உச்ச நீதிமன்றமே நடைமுறைப்படுத்தச் சொன்னது. எங்கள் வளாகத்தில் யார் பிரதிநிதி என்பதைத் துறைத்தலைவர்களே முடிவு செய்தார்கள். கேள்வி கேட்கும் பிள்ளை ஒருநாளும் அந்தப் பட்டியலில் வந்ததில்லை.

இவ்வளவையும் முன்பே ஒரு முறை தங்களுக்கு எழுதினேன். மெஸ் சாப்பாட்டைப் பற்றிய இரண்டு வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டீர்கள். சாம்பாரில் உப்பில்லை என்று குறைப்பட்டவளாக ஊருக்குத் தெரிந்தேன். அந்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. நாங்குநேரியில் சாதி வெறியில் ஒரு பள்ளி மாணவனைச் சக மாணவர்களே வெட்டிய சம்பவத்திற்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வகுப்பறையில் மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது. விடுதியில் முதலாண்டு அறைகளையும் அப்படியே அகரவரிசையிலோ குலுக்கலிலோ ஒதுக்கிவிட்டு, யார் தொலைபேசியில் கூப்பிட்டாலும் மாற்றாமல் இருக்கலாம். அதைச் செய்ய வேண்டியது பல்கலைக்கழகங்கள். தங்களால் முடிந்தது ஒன்று உண்டு. தங்கள் சிறப்பிணைப்பில் கட்டணம், இடங்கள், வேலைவாய்ப்பு என்று அட்டவணை போடுகிறீர்களே, அதில் இரண்டு கட்டங்களைச் சேருங்கள்: முதலாண்டு அறைகள் எப்படி ஒதுக்கப்படுகின்றன, மாணவியர் விடுதிக் கதவு எத்தனை மணிக்குச் சாத்தப்படுகிறது. பதில் தராத நிறுவனத்திற்கு நேரே பதில் இல்லை என்றே அச்சிடுங்கள். பிளஸ் டூ தேர்வு முடிவுகளை ஒட்டி அடுத்த இணைப்பு வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்குள் எல்லோருக்கும் எழுதிக் கேட்க நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேராசிரியை, முன்னாள் விடுதித் துணைக் காப்பாளர்