மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம்

அன்புள்ள மாப்ளே,

நலம். உன் நலமும் தங்கச்சி நலமும் அறிய ஆவல். இடது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து தள்ளிப்போடாதே. நான் இந்த வருஷம் செய்துகொண்டேன், அரை மணி நேர வேலைதான்.

பெர்லினில் மகள் வீட்டுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. காலையில் டெம்பெல்ஹோஃப் மைதானத்துக்கு நடக்கப் போகிறேன். 2008 வரை விமான நிலையமாக இருந்த இடம். இன்று அதன் ஓடுபாதையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், பட்டம் விடுகிறார்கள். முதல் நாள் அங்கே நின்றபோதே உன் நினைவு வந்துவிட்டது. டீக்கடை பெஞ்சில் ராத்திரி கடை சாத்தும்வரை சோவியத்தா அமெரிக்காவா என்று மல்லுக்கு நிற்போமே, அந்தச் சண்டை முதன்முதலாக முற்றி வெடித்த இடங்களில் இதுவும் ஒன்று. 1948இல் சோவியத் தரப்பு பெர்லினை முற்றுகையிட்டதையும், மேற்கு நாடுகள் விமானத்திலேயே சரக்கு கொண்டுவந்து ஊரைக் காத்ததையும் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நீ காலமெல்லாம் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன். அதனால் நோட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். தகராறு வெடித்ததும் நோட்டில்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் என்று நாலு நாடுகள் பங்கு போட்டுக்கொண்டன. பெர்லினையும் நாலாகப் பிரித்தார்கள். ஆனால் பெர்லின் இருந்தது சோவியத் பகுதிக்குள்ளே, எல்லையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் உள்ளே. பழைய ரைஷ்மார்க் நோட்டுக்கு மதிப்பே இல்லாமல் போய், சந்தையில் சிகரெட்டுதான் பணமாகப் புழங்கியது. 1948 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை, மேற்குப் பகுதிகளில் புது மார்க் வந்தது. அமெரிக்காவில் அச்சடித்து ரகசியமாகக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய நோட்டு. தலைக்கு முதலில் நாற்பது மார்க். பதுக்கியிருந்த சரக்கெல்லாம் மறுநாளே கடை ஜன்னலுக்கு வந்துவிட்டது.

அங்கே செல்லாமல் போன பழைய நோட்டெல்லாம் எங்கே போகும்? செல்லுகிற இடத்துக்குத்தான், அதாவது சோவியத் பகுதிக்கு. இதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புது நோட்டு அடிக்க அவகாசம் இல்லாமல், சோவியத்காரர்கள் பழைய நோட்டின் மேலேயே சின்னச் சீட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். சுவருக்கு ஒட்டும் காகிதத்தை நினைத்து அதற்கு ஜனங்கள் ‘வால்பேப்பர் மார்க்’ என்று பேர் வைத்தார்கள். மேற்கு வல்லரசுகளோ தங்கள் மார்க்கில் ‘பி’ என்று முத்திரை குத்தி, பெர்லினுக்குள்ளும் இறக்கினார்கள். ஜூன் 24 அன்று ரயில், சாலை, கால்வாய் எல்லாம் அடைபட்டன. ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று காரணம் சொன்னார்கள். கிழக்கிலிருந்து வந்த மின்சாரமும் நின்றது. மேற்கு பெர்லினில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள்.

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். போரில் சோவியத் மண்ணில் செத்தவர்கள் ஏறக்குறைய 2.7 கோடிப் பேர். அந்த ஜெர்மனி மறுபடி பணமும் பலமுமாக, அதுவும் எதிரணியோடு சேர்ந்து எழுந்து நிற்பதை அவர்கள் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பாய். நியாயமான பயம், ஒப்புக்கொள்கிறேன். அன்று பெஞ்சில் ஒப்புக்கொண்டதில்லை, இன்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பயத்துக்குப் பிள்ளைகளின் பாலையும் அடுப்புக் கரியையும் நிறுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தவன் அல்லவா, என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம் வேறு. பெர்லினுக்கு ரயிலும் சாலையும் விட மேற்கு நாடுகளிடம் எழுத்தில் எந்த உத்தரவாதமும் இல்லை. மூன்று வான்பாதைகளுக்கு மட்டும் 1945 நவம்பரில் எழுத்தாகவே ஒப்புதல் வாங்கியிருந்தார்கள். ஒவ்வொன்றும் 32 கிலோமீட்டர் அகலம். அந்த ஒரு காகிதம்தான் ஊரைக் காப்பாற்றியது. அமெரிக்கத் தளபதி லூசியஸ் கிளே ராணுவத்தைக் கூட்டிக்கொண்டு சாலை வழியே போய்விடலாம் என்றார். வாஷிங்டன் சம்மதிக்கவில்லை. சோவியத் போர் விமானங்களும் சரக்கு விமானங்களை உரசுகிற மாதிரி பறந்து மிரட்டினவே தவிர, ஒன்றையும் சுட்டு வீழ்த்தவில்லை. இரண்டு பக்கமும் விரலை விசையிலிருந்து எடுத்தே வைத்திருந்தார்கள். அந்த நாட்களைப் படிக்கும்போது இப்போதும் எனக்கு மூச்சு அடைக்கிறது.

சரக்குக் கணக்குக்கு வருகிறேன். சின்ன விமானம் சுமார் மூன்று டன் தூக்கும், பெரியது பத்து டன். நம் ஒரு பாக்ஸ் வேகனில் ஐம்பது டன்னுக்கு மேல் ஏற்றுவோம். நிலக்கரியை மூட்டை கட்டி ஆகாயத்தில் கொண்டுபோவது என்றால் எவ்வளவு பெரிய காரியம் பார். வந்ததில் மூன்றில் இரண்டு பங்கு கரிதான். ரொட்டி வேண்டாம், மாவு கொண்டுவா. உருளைக்கிழங்கை உலர்த்திக் கொண்டுவா என்று எடையில் ஒவ்வொரு கிலோவையும் மிச்சம் பிடித்தார்கள். உப்பு பட்டால் விமானம் அரித்துவிடும் என்று, கடல்நீருக்குப் பழகிய பிரிட்டிஷ் மிதவை விமானங்களில் உப்பை ஏற்றி, ஹாஃபெல் ஆற்றின் ஏரியில் இறக்கினார்கள். உப்பு எப்படி வந்தது என்பதை மட்டும் இரண்டு தடவை திருப்பிப் படித்தேன்.

இதையெல்லாம் சீராக்கியவர் அமெரிக்க விமானப்படைத் தளபதி வில்லியம் டன்னர். போரின்போது அசாமிலிருந்து இமயமலைக்கு மேலே சீனாவுக்குச் சரக்கு பறக்கவிட்ட பொறுப்பு அவர் கையில் இருந்தது. ஆகஸ்ட் 13 அன்று மழையும் மேகமுமாக விமானங்கள் பெர்லினுக்கு மேலே வட்டமடித்துக் குழம்பிப்போயின. அன்றிலிருந்து ஒரே உத்தரவு: இறங்கத் தவறினால் வட்டமடிக்காதே, சரக்கோடு திரும்பிப் போ. மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம் என்று வண்டி ஓடியது. 1949 ஏப்ரல் 16, ஈஸ்டருக்கு முந்தின நாளில் முடிந்த இருபத்துநாலு மணி நேரத்தில் மட்டும் 12,941 டன் இறங்கியது. நம் கணக்கில் கிட்டத்தட்ட நாலு ரேக், அதாவது நாலு முழுச் சரக்கு ரயில். அதை ஆகாயத்தில் யோசித்துப் பார், மாப்ளே!

நகரத்தின் குரலாக நின்றவர் எர்ன்ஸ்ட் ராய்ட்டர். உன்னை உலுக்கப்போகிற செய்தி இதுதான். ருஷ்யாவில் போர்க்கைதியாக இருந்து, புரட்சிக்குப் பின் வோல்கா நதிக்கரை ஜெர்மானியர் பகுதியில் போல்ஷிவிக் கமிசாராக, அதாவது ஆட்சியின் அதிகாரியாக, வேலை செய்தவர் அவர். ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சியில் உயர்ந்த பொறுப்பு வகித்து, பின்னால் வெளியேற்றப்பட்டார். நாஜிகள் வதைமுகாமில் அடைத்தார்கள். துருக்கியில் அகதியாக இருந்தார். 1947இல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது சோவியத் தரப்பு பதவியேற்க விடவில்லை. 1948 செப்டம்பர் 9 அன்று ரைஷ்டாக் என்ற பழைய பாராளுமன்றக் கட்டடத்தின் இடிபாட்டின் முன்னால் லட்சக்கணக்கானவர்கள் கூடி நிற்க, இந்த நகரத்தைப் பாருங்கள் என்று உலகத்தைக் கூப்பிட்டவர் அவர்தான். முதலாளிகளின் ஆள் என்று நீ அவரைத் தள்ளிவிட முடியாது.

கிழக்கில் பதிந்துகொண்டால் ரேஷன் தருகிறோம் என்று சோவியத் தரப்பு அழைத்தது. போனவர்கள் கொஞ்சம் பேர்தான். வீட்டில் மின்சாரம் நாளுக்குச் சில மணி நேரம், அதுவும் நடுராத்திரியில் வரலாம். எங்கள் மாடியில் எண்பதைத் தாண்டிய அம்மா ஒருவர் இருக்கிறார். பேத்தி மொழிபெயர்க்க, அவரிடம் கேட்டேன். மின்சாரம் வந்த நேரத்தில் அவர் தாயார் எழுந்து துணி இஸ்திரி போடுவாராம். விமானச் சத்தத்தில் குழந்தைகள் தூங்கிவிடுவார்களாம், சத்தம் நின்றால்தான் விழித்துக்கொள்வார்களாம்.

1949 மே 12 அன்று முற்றுகை விலகியது. அதற்குப் பிறகும் செப்டம்பர்வரை பறந்தார்கள். மொத்தம் சுமார் 2,78,000 முறை, 23 லட்சம் டன். அதே மே மாதம் மேற்கு ஜெர்மனி, அக்டோபரில் கிழக்கு ஜெர்மனி என்று நாடு இரண்டாகியது.

மைதானத்து வாசலில் மூன்று வான்பாதைக்கு மூன்று வளைவாக ஒரு நினைவுச் சின்னம். வைக்கோல் வாரும் கருவி மாதிரி இருப்பதால் ‘பசி வாருகோல்’ என்கிறார்கள். விபத்துகளில் இறந்தவர்களின் பெயர்கள் அடியில் இருக்கின்றன. பிரிட்டிஷாரும் அமெரிக்கருமாகப் பலர், மூன்றே வருஷத்துக்கு முன்னால் இதே ஊர்மேல் குண்டு போட்ட படைகளைச் சேர்ந்தவர்கள். நேற்று ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

பதில் போடு. ராய்ட்டரைப் பற்றி உன் பக்கத்து வாதத்தை ஒளிக்காமல் எழுது. கண் ஆபரேஷன் தேதியை முதல் வரியிலேயே எழுது.

உன் அன்பு நண்பன்