எந்தக் குரலில் கூப்பிடுவது?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அங்கே அமெரிக்காவில் வேட்டை உரிமத் தேர்வில் தேறிவிட்டாய் என்று படித்ததும் வாத்தியாருக்குத்தான் முதலில் போன் செய்தேன். "சேகரா? அவன் வாயை மூடிக்கொண்டு அரை மணி நேரம் உட்காருவானா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, "நன்றாக இருக்கட்டும்" என்றார். அவர் வாயால் இது எவ்வளவு பெரிய ஆசி என்று உனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் நலம்.

விலங்கு, பறவைகளின் குரலில் ஊதி அவற்றை அருகே வரவழைக்க நீ வாங்கப்போகும் ஊதல்களின் பட்டியலைப் பார்த்துக் கோபம்தான் வந்தது. வான்கோழிக்கு ஒன்று, வாத்துக்கு இரண்டு, மானுக்கு, எல்க் என்னும் பெரிய மானுக்கு, நரி போன்ற கொயோட்டிக்கு, போதாததற்கு நூற்றுக்கணக்கான குரல்கள் பதிந்த மின்னணுக் கருவி வேறு! கடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறாய். எந்த விலங்கு எந்த மாதத்தில் எதற்காகத் தவிக்கும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஊதலைத் தேர்ந்தெடுப்பது அங்கேதான் தொடங்குகிறது, சேகர். ஒரு விலங்கு குரல் கேட்டு வருகிறது என்றால் அதற்குத் துணை வேண்டும், இல்லையென்றால் எதிரியை விரட்ட வேண்டும், பசிக்க வேண்டும், கூட்டத்தைத் தேட வேண்டும். அன்றைக்கு அதன் மனத்தில் எது இருக்கிறதோ அந்தக் குரலுக்குத்தான் வரும். மற்றதெல்லாம் காட்டைக் கலைக்கும் சத்தம்.

எல்க்கையே எடுத்துக்கொள். செப்டம்பரில் இணைசேரும் பருவம். அத்தனை பெரிய உடம்பிலிருந்து விசில் மாதிரி கூர்மையாக எழும் அந்த முழக்கத்தைக் கேட்டவுடன் நாமும் நீளக் குழாயை எடுத்துப் பதில் முழக்கம் ஊதத் துடிப்போம். ஆனால் பெண்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஆண் எல்க், புது எதிரியின் குரல் கேட்டால் பல நேரம் தன் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு அடுத்த மலைக்குப் போய்விடும். சண்டையால் அதற்கு என்ன லாபம்? பெண் எல்க்கின் மெல்லிய குரல் தரும் சிறு ஊதல்தான் அங்கே அதிகம் பலிக்கும். பட்டியலில் அதற்கு நேரே "தேவையில்லை" என்று எழுதியிருக்கிறாய். முதலில் அந்த வரியை அடித்துவிடு.

வெள்ளைவால் மானுக்கு முனகல் குழாய் ஒன்று போதும். ஆண் மான் உன்னைக் காணாமல் விலகிப் போகும்போது மெதுவாக இரண்டு முறை ஊது. நின்று காதைத் திருப்பினால் நிறுத்திவிடு. உன் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் மானை ஒருபோதும் கூப்பிடாதே, சத்தம் வந்த இடத்தில் மானைக் காணோமே என்று அது உடனே கண்டுகொள்ளும். இரண்டு கொம்புகளை மோதவிட்டுச் சண்டை போலச் சத்தம் எழுப்புவது இணைசேரும் பருவம் உச்சத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால்தான் நன்றாகப் பலிக்கும். வருகிற ஆண் மான் பெரும்பாலும் சுற்றி வளைத்து, உன் வாடை போகும் திசையிலிருந்து மோப்பம் பிடித்துக்கொண்டு வரும். அந்தப் பக்கத்தைப் பார்த்து உட்கார். மான்குட்டி அலறும் ஊதலையும் வாங்குவதாக எழுதியிருக்கிறாய். அது வேண்டாம். பெண் மான் அதற்கு ஓடி வரும், உண்மைதான். குட்டிக்காகப் பதறி வரும் தாயைச் சுடுவது எனக்கு ஒவ்வாது. உனக்கும் ஒவ்வாது என்றுதான் நம்புகிறேன்.

வாத்து உனக்கு ஏற்ற வேட்டை, அதில் நன்றாகப் பேசலாம்! மல்லார்ட் என்னும் காட்டு வாத்தில் நாம் எல்லோரும் அறிந்த அந்த உரத்த "க்வாக்" பெட்டையின் குரல். ஆணுக்குக் கரகரத்த மெல்லிய குரல்தான். நாக்கு என்பது ஊதலுக்குள் அதிரும் மெல்லிய தகடு; இரட்டை நாக்கு வைத்த ஊதல் புதியவனை மன்னிக்கும், ஒற்றை நாக்கு பல குரல்கள் தரும், ஆனால் மூச்சு சற்றுத் தவறினாலும் கீச்சிடும். நீ இரட்டையில் தொடங்கு. திறந்த நீர்ப்பரப்பில் காற்று வீசும்போது அக்ரிலிக் ஊதலின் கூர்மை தூரம் போகும், மரங்களுக்கிடையே நீர் தேங்கிய இடத்தில் மர ஊதலின் மென்மைதான் இயல்பாக இருக்கும். கூடவே ஒரு சிறு விசில் வைத்துக்கொள். ஊசிவால் வாத்தும் கிளுவையும் விசிலுக்கு வரும், பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். ஆர்கன்சா மாநிலத்தின் ஸ்டட்கார்ட் ஊரில் 1936 முதல் வாத்துக் குரல் போட்டி நடக்கிறது. பதிவுகளைக் கேள், மூச்சுப் பயிற்சி அபாரமாக இருக்கும். ஆனால் மேடையில் நடுவர்களுக்கு ஊதுவதைச் சதுப்பில் ஊதாதே. வாத்துகள் வாலைக் காட்டிப் போகும்போது கூப்பிடு, முகம் காட்டி இறங்கும்போது பேசாதே.

அந்த மின்னணுக் கருவியை வாத்துக்குத் தொடவே கூடாது. புலம்பெயரும் பறவைகளுக்குப் பதிவுக் குரல் பயன்படுத்துவதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது, பனி வாத்துகளுக்கான தனி அனுமதிக் காலம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. வான்கோழிக்கும் பெரும்பாலான மாநிலங்களில் தடைதான். கொயோட்டிக்குப் பல இடங்களில் அனுமதி இருக்கிறது. அதற்கும் முயலின் அலறலை வாயால் ஊதும் எளிய ஊதலே போதும் என்பேன். காற்றுக்கு எதிரே உட்கார்ந்து கால் மணிக்கு மேல் பொறுத்திரு. உரிமம் தந்த மாநிலத்தின் விதிப் புத்தகத்தை வரி விடாமல் படி.

இவையெல்லாம் பிறகு. இந்த வசந்தத்தில் நீ போவது வான்கோழிக்கு. பெட்டி ஊதல் ஒன்று வாங்கு, சாக்கட்டி பூசிய மூடியை விளிம்பில் தேய்த்தால் பெட்டையின் குரல் வரும், முதல் நாளே கைவரும். மழையில் நனைந்தால் ஊமையாகிவிடும், பிளாஸ்டிக் பையில் வை. வாய்க்குள் அண்ணத்தில் ஒட்டி ஊதும் டயாபிரம் என்னும் சிறு ஊதலை இப்போதே வாங்கித் தினமும் பழகு. வான்கோழிச் சேவல் கிட்டே வந்த பிறகு கையசைத்தால் பார்த்துவிடும், அப்போது வாயால் கூப்பிடத் தெரிந்தவனுக்கே வாய்ப்பு. விடியலில் ஆந்தைபோல் ஒருமுறை கத்தினால் சேவல் தன்னையறியாமல் கொக்கரித்து இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும். பிறகு குறைவாகவே கூப்பிடு. இயற்கையில் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். நீ அதைத் தலைகீழாக்கச் சொல்கிறாய், அது தயங்கத்தான் செய்யும்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. நன்றாகக் கூப்பிடத் தெரிந்தவன் மற்ற வேட்டைக்காரர் காதுக்கும் வான்கோழிதான். உன் ஊதலைக் கேட்டு துப்பாக்கியோடு ஒருவர் புதருக்குள் ஊர்ந்து வரலாம். நீ எழுதியிருந்த சிவப்புக் கழுத்துத்துணியை வீட்டிலேயே விட்டுவிடு. கிளர்ச்சியடைந்த சேவலின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் தெரியும். அந்த நிறங்கள் உன் மேல் ஓர் இழைகூட இருக்கக் கூடாது, உள்ளே போடும் காலுறையிலும் கூட. உன் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார். யாராவது வருவது தெரிந்தால் கையை ஆட்டாதே, ஊதாதே, மனிதக் குரலில் உரக்கப் பேசு. வேறெங்கோ வான்கோழிச் சத்தம் கேட்டால் அதை நோக்கி ஊர்ந்து போகாதே. சேவல் கொக்கரிக்கும் ஊதலைப் பொதுக் காட்டில் எடுக்கவே எடுக்காதே. சுட்ட பறவையை ஆரஞ்சுப் பையில் போட்டுத்தான் சுமந்து வர வேண்டும். உன் கடிதத்தில் தனியாகப் போவதாக இருக்கிறது. முதல் முறை தனியாகப் போகாதே, சேகர். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

எந்தத் தேதி, எந்தக் காடு, கூட யார் வருகிறார்கள் என்று உடனே எழுது. வாத்தியாரும் தேதியைக் கேட்டார், அவரே வருகிறாரோ என்னவோ. பெட்டி ஊதலை வாங்கிவிட்டால் போனில் எனக்கு ஊதிக் காட்டு.

அன்புடன்,
ராகவன்